பலகையில் இல்லாத பெயர்கள்: ஊரகப் பணி ஒப்பந்தங்களும் சாதியும்

ஊராட்சி ஒன்றில் சிமென்ட் சாலை போடப்படும்போது தெருமுனையில் ஒரு பலகை நடப்படும். பணியின் பெயர், திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரரின் பெயர் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். அச்சாலைக்காக மண் வெட்டியவர், ஜல்லி சுமந்தவர், கலவை கொட்டியவர் ஆகியோரின் பெயர்கள் அதில் இரா. எழுதப்பட்ட பெயர் பெரும்பாலும் ஊரிலிருந்தும், எழுதப்படாத பெயர்கள் பெரும்பாலும் சேரியிலிருந்தும் வருகின்றன என்பதைக் களத்தில் பணியாற்றும் எவரும் அறிவர்.

இது புதிதாக எழுந்த கவலை அன்று. 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்ற அண்ணல் அம்பேத்கர், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து அதே ஆண்டில் வைசிராய்க்கு ஒரு மனு அளித்தார். கல்வி, அரசுப் பணி ஆகியவற்றோடு மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களும் அம்மனுவில் இடம்பெற்றன. கட்டடம் கட்டும் உழைப்பில் நிறைந்திருந்த மக்கள் ஒப்பந்ததாரர் பட்டியலில் ஏறத்தாழ இல்லை என்பதை அவர் சுட்டிக்காட்டினார். வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம்; ஒப்பந்தத்தில் பங்கு பற்றிப் பேசியது குறைவு.

ஊரகப் பகுதியில் சாலை, குடிநீர், கழிப்பறை, வீடு, கிணறு, ஏரிக்கரை ஆகிய பணிகளை யார் யாருக்கு ஒப்படைக்கிறார், எந்த விதிப்படி ஒப்படைக்கிறார், அதில் சாதி எங்கே நுழைகிறது, சட்டம் எங்கே துணை நிற்கிறது என்பவற்றைச் செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் பயன்படுத்தும் வகையில் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கட்டாய உழைப்பிலிருந்து ஒப்பந்தம் வரை

தமிழகத்தின் ஏரிப் பாசனத்தில் மடை திறப்பதும், வயலுக்கு வயல் நீரைப் பங்கிட்டுப் பாய்ச்சுவதும், இரவில் கரையைக் காப்பதும் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி எனப் பல பெயர்களில் அழைக்கப்பட்ட ஊழியர்களின் பணி. பல பகுதிகளில் இப்பணியைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் தலித்துகளே. நீரின் அளவை அறிந்தவர் அவர். நீர் பாயும் நிலமோ அவருடையதன்று. அறுவடையில் கிடைக்கும் சில மரக்கால் நெல்லே அவரது ஊதியம்.

குடிமராமத்து என்னும் சொல்லைக் கூட்டுழைப்பின் பொற்காலமாக இன்று பலர் எழுதுகின்றனர். அதன் மறுபக்கத்தை 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் காட்டுகிறது. கரை உடையும் அபாயம் நேரும்போது உழைக்கும் வகுப்பாரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அச்சட்டம் அதிகாரம் அளித்தது. நிலம் உடையோர், உழைக்கும் வகுப்பார் என்ற பிரிவினை சட்டத்தின் மொழியிலேயே இருந்தது.

அதே பெயரில் 2016–17இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் ரூ.100 கோடியில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆயக்கட்டுதாரர் எனப்படும் பாசன நில உரிமையாளர்களின் சங்கங்களிடம் பணிகள் ஒப்படைக்கப்பட்டன. செலவில் 10 விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அவர்கள் ஏற்க வேண்டும் என்பது விதி. வெளியூர் ஒப்பந்ததாரரைத் தவிர்த்து ஊராரிடமே பணியைத் தருவது நல்ல நோக்கம்தான். ஆனால் ஊரார் என்பவர் யார்? ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்போர் மட்டுமே ஊரார் எனில், அந்த ஏரியில் தூர் அள்ளி வாழும் நிலமற்ற தலித் குடும்பம் அச்சங்கத்தில் உறுப்பினராக முடியாது. ஏரியைக் காத்தவரின் பேரன், அந்த ஏரியின் மராமத்துப் பணியில் மீண்டும் கூலியாளாகவே நிற்கிறான்.

உள்ளூர் ஒப்பந்ததாரர் என்ற சொல்லை நாம் கேள்வியின்றி ஏற்க இயலாமைக்குக் காரணம் இதுவே. ஊருக்குள் அதிகாரம் எப்படிப் பங்கிடப்பட்டுள்ளதோ அப்படியே அச்சொல்லின் பொருளும் அமைகிறது.

ஒப்பந்தம் கைமாறும் வழி

அரசுப் பணிகளுக்குத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 பொருந்தும். அறிவிப்பு வெளியிட வேண்டும். தகுதியுடைய எவரும் ஒப்பந்தப்புள்ளி அளிக்கலாம். தகுதியுற்றோருள் குறைந்த தொகை குறித்தவருக்கே பணி தரப்பட வேண்டும். எழுத்தளவில் இதில் சாதிக்கு இடமில்லை. தகுதி என்ற சொல்லுக்குள்தான் அது மறைந்திருக்கிறது.

முதல் தடை பதிவு. அரசுத் துறைகளில் ஒப்பந்ததாரராகப் பதிவு செய்வோர் தத்தம் வகுப்புக்கேற்பச் சொத்து மதிப்புச் சான்றிதழ் அளிக்க வேண்டும். வட்டாட்சியர் அச்சான்றிதழை வழங்குவது நிலம், வீடு ஆகியவற்றின் மதிப்பைக் கணக்கிட்டே. ஒப்படைப் பட்டாவில் மூன்று சென்ட் வீட்டுமனை மட்டுமே உள்ள ஒருவர், இருபது ஆண்டுகள் சாலை போட்ட அனுபவம் உடையவராயினும், இந்த வாயிலிலேயே நிறுத்தப்படுகிறார். நில உரிமை மறுக்கப்பட்ட வரலாறு, தகுதியின்மை என்னும் புதிய பெயருடன் அவர்முன் வந்து நிற்கிறது.

இரண்டாம் தடை முதலீடு. ஒப்பந்தப்புள்ளியுடன் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். பணி கிடைத்ததும் பிணைத் தொகை கட்ட வேண்டும். பணி நடக்கும்போது சிமென்ட், கம்பி, ஜல்லிக்குத் தம் கையிருப்பிலிருந்து செலவழிக்க வேண்டும். பட்டியல் தொகை பின்னரே வரும். கடையில் கடன் சொல்லிப் பொருள் எடுக்கும் நம்பிக்கை உறவு, லாரி வைத்திருக்கும் உறவினர், கல்குவாரி வைத்திருக்கும் சாதிக்காரர் என்னும் வலைப்பின்னல் யாருக்கு உண்டோ அவருக்கே இது இயலும்.

மூன்றாம் தடை உள் ஒப்பந்தம். பதிவு பெற்றவர் பணியை எடுத்து ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மேஸ்திரியிடம் விடுகிறார். மேஸ்திரி தம் பங்கை எடுத்துக்கொண்டு ஆட்களைத் திரட்டுகிறார். ஒவ்வொரு படியிலும் கழிந்தது போக எஞ்சுவதே கூலி. தலித் ஒருவர் இந்தச் சங்கிலியில் உயர்ந்தால் மேஸ்திரி நிலைவரை வரலாம். அவருக்கு ஆவணம் எதுவும் இல்லாததால், பத்தாண்டு கழித்தும் பதிவுக்குத் தேவையான அனுபவச் சான்று அவரிடம் இருப்பதில்லை.

நான்காம் தடை ஊராட்சி அலுவலகத்திலேயே உள்ளது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் பிரிவு 188இன்படி, ஊராட்சியின் காசோலைகளில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. தனித் தொகுதியில் வென்ற தலித் தலைவர் ஒருவர், வேலையைச் செவ்வனே செய்தவருக்குப் பணம் தர எண்ணினாலும், ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த துணைத் தலைவர் கையொப்பமிட மறுத்தால் பணி முடங்கும். இறுதியில், யாருக்கு வேலை தர வேண்டும் என்பதைக் கையொப்பமிட மறுப்பவரே முடிவு செய்கிறார்.

1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் சென்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலித் ஒருவர் தலைவராகப் பொறுப்பேற்று நீடிக்க முடியவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமரவைக்கப்பட்ட படம் நாடெங்கும் பரவியது. இந்நிகழ்வுகளை மரியாதைப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது. ஊராட்சித் தலைவரின் நாற்காலி என்பது ஏரி மீன் ஏலம், மரக் குத்தகை, சாலை, குடிநீர் ஆகிய பணிகளை ஒப்படைக்கும் நாற்காலியும் ஆகும்.

ஒப்பந்த வாய்ப்பை மறுப்பதும் வன்கொடுமையே

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 என்றதும் அடிதடி, சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துதல் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. 2015ஆம் ஆண்டின் திருத்தம் அச்சட்டத்தின் எல்லையை விரிவாக்கியது. பிரிவு 2இல் பொருளாதாரப் புறக்கணிப்பு என்பதற்கு வரையறை சேர்க்கப்பட்டது. ஒருவரோடு தொழில் செய்யவோ அவருக்குக் கூலிக்கு வேலை செய்யவோ மறுத்தல், சேவைகளையோ ஊதியத்துக்குச் சேவை செய்யும் ஒப்பந்த வாய்ப்புகளையோ மறுத்தல், வழக்கமான வணிக நிபந்தனைகளின்படி நடந்துகொள்ள மறுத்தல் ஆகியவை அதில் அடங்கும். பட்டியல் சாதியினர்மீது சமூகப் புறக்கணிப்போ பொருளாதாரப் புறக்கணிப்போ விதிப்பதையும், விதிப்பதாக மிரட்டுவதையும் பிரிவு 3 குற்றமாக்குகிறது.

இவ்வரையறை இரு திசையிலும் பயன்படும். தலித் ஒப்பந்ததாரருக்குப் பணி கிடைத்ததால் அவருக்கு மணலும் லாரியும் தரக் கூடாது என்று ஊர்க்கூட்டம் முடிவெடுத்தால், அது பொருளாதாரப் புறக்கணிப்பு. ஒரு சாவுக்குப் பறையடிக்க மறுத்த சேரிக்குப் பொக்லைன் வண்டியும் கொத்தனாரும் போகக் கூடாது என்று தடுத்தால், அதுவும் பொருளாதாரப் புறக்கணிப்பே. புகார் எழுதும்போது ஊர் ஒதுக்கிவைத்தது என்று பொதுவாக எழுதாமல், எந்தச் சேவை, எந்த நாளில், யாரால், வழக்கமான எந்த நிபந்தனைக்கு மாறாக மறுக்கப்பட்டது என்று குறிப்பிட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமை ஆற்றவிடாமல் தடுப்பதும், கட்டாய உழைப்பு வாங்குவதும் இதே பிரிவில் தனிக் குற்றங்களாக உள்ளன.

கட்டாய உழைப்பு என்றால் சங்கிலியால் கட்டி வேலை வாங்குவது மட்டுமன்று. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுமானப் பணிகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் தொடுத்த வழக்கு அது. நாளொன்றுக்கு ரூ.9.25 என்ற குறைந்தபட்ச ஊதியத்தில், ஆள் திரட்டிய ஜமேதார்கள் ஒரு ரூபாயைக் கழிவாக எடுத்துக்கொண்டனர். தொழிலாளர் கைக்கு வந்தது ரூ.8.25. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழ் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணியை ஒப்பந்ததாரரிடம் விட்டுவிட்டோம் என்று சொல்லி அரசும் அதன் முகமைகளும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். அந்த ஒரு ரூபாய்க் கழிவு, இன்றைய மேஸ்திரிக் கழிவாக ஒவ்வொரு ஊரிலும் தொடர்கிறது.

வீடு கட்டும் குடும்பம்

ஒப்பந்ததாரரை அமர்த்துவோர் அரசும் நிலவுடைமையாளரும் மட்டுமல்லர். தொகுப்பு வீடு கிடைத்த தலித் குடும்பமும் முதன்முறையாக வேலை கொடுக்கும் நிலைக்கு வருகிறது. பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு ஓரலகுத் தொகை ரூ.1.20 லட்சம்; இதற்குமேல் மாநில அரசு தன் பங்கைச் சேர்க்கிறது. 2024–25இல் தொடங்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் என்று அறிவிக்கப்பட்டது. தொகை கட்டம் கட்டமாகப் பயனாளியின் கணக்கில் செலுத்தப்படுகிறது.

பிரதமர் திட்டத்தின் நெறிமுறைப்படி வீட்டைப் பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும். ஒப்பந்ததாரரைப் புகுத்தக் கூடாது. ஆனால் பகலெல்லாம் கூலிக்குச் செல்லும் குடும்பத்தால் தானே நின்று கட்ட இயலாது. இந்த இடைவெளியில் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் நுழைந்து, சேரியின் எல்லா வீடுகளையும் தாமே கட்டித் தருவதாகச் சொல்கிறார். வங்கிப் புத்தகமும் அட்டையும் அவர் கைக்குச் செல்கின்றன. வீடு லிண்டல் மட்டத்தில் நின்றுவிட்டால், அரசின் பதிவேட்டில் கேள்விக்கு உள்ளாவது பயனாளியின் பெயரே.

இத்தகைய குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டியவை மிக எளியவை. வங்கிப் புத்தகத்தையும் அட்டையையும் எவரிடமும் தரக் கூடாது. கூலி மட்டும் பேசப்பட்டதா, பொருளோடு சேர்த்துப் பேசப்பட்டதா என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்றால், அளவு சுவரின் வெளிப்புறத்திலிருந்தா உட்புறத்திலிருந்தா என்று குறிக்க வேண்டும். அடித்தள ஆழம், கம்பியின் தடிமன், கூரைக் கான்கிரீட்டின் கனம், கதவு, சன்னல், மின் இணைப்புக் குழாய், கழிப்பறை ஆகியவை யார் பொறுப்பு என்று எழுத வேண்டும். ஒரு கட்டம் முடிந்த பின்பே அக்கட்டத்துக்கான பணம் தர வேண்டும். ஒவ்வொரு முறையும் நாளிட்ட கையொப்பம் பெற வேண்டும். கடைசித் தவணையில் ஒரு பங்கை மழை ஒன்று பெய்து கூரை ஒழுகவில்லை என்று காணும்வரை நிறுத்திவைக்கலாம் என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். வெள்ளைத் தாளில் இரு சாட்சிகளுடன் எழுதினாலும், பின்னாளில் வாய்ப்பேச்சைவிட அது வலியது. கொத்தனாரும் சித்தாளும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களா என்று கேட்பதும் அமர்த்துவோரின் கடமை. பதிவு இல்லையெனில் பதிவு செய்யத் துணைநிற்கலாம்.

மலத்தொட்டி: தொழில்நுட்பத் தேர்வும் உயிரும்

ஊரகக் கட்டுமானத்தில் சாதி உயிரையே பறிக்கும் இடம் மலத்தொட்டி. 1993 முதல் அரசுக் கணக்கில் பதிவான பாதாளச் சாக்கடை, மலத்தொட்டிச் சாவுகளில் தமிழ்நாடு முன்னணியில் உள்ளது. மாண்டவர்கள் ஏறத்தாழ எல்லோரும் ஒரு சில தலித் சாதிகளைச் சேர்ந்தவர்கள். மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் ஆகிய வாயுக்கள் சேர்கின்றன, உயிர்வளி குறைகிறது. இறங்கியவர் ஓரிரு மூச்சில் மயங்குகிறார்; அவரைத் தூக்க இறங்கும் அண்ணனோ தம்பியோ அடுத்து மடிகிறார். ஒரே தொட்டியில் இருவர், மூவர் என்று செய்தி வருவது இதனால்தான்.

மலம் அள்ளும் தொழில் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013இன் பிரிவு 7, எந்த ஒரு நபரும், உள்ளாட்சி அமைப்பும், முகமையும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, எவரையும் மலத்தொட்டியை ஆபத்தான முறையில் தூய்மை செய்ய அமர்த்தக் கூடாது என்கிறது. எந்த நபரும் என்ற சொல்லில் வீட்டு உரிமையாளர் அடங்குகிறார். மறைமுகமாக என்ற சொல்லில், ஆள் அனுப்பச் சொன்னேன், அவர்தான் இறக்கினார் என்ற சாக்கு அடைபடுகிறது. முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.2 லட்சம் வரை தண்டம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 5 ஆண்டு வரை சிறை, ரூ.5 லட்சம் வரை தண்டம். பிணையில் விட இயலாக் குற்றம் இது. பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ளச் செய்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் குற்றமாகும்.

இழப்பீடு பற்றி 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரூ.10 லட்சம் என்று விதித்தது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அது ரூ.30 லட்சமாக உயர்த்தப்பட்டது. நிரந்தர ஊனத்துக்கு ரூ.20 லட்சத்துக்குக் குறையாமலும், பிற ஊனங்களுக்கு ரூ.10 லட்சத்துக்குக் குறையாமலும் தர வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறுகிறது. சாவு நேர்ந்த வீட்டில் ஊர்ப் பெரியவர்கள் சில லட்சம் பேசி முடிக்க முயலும்போது, செயற்பாட்டாளர் கையில் முதலில் இருக்க வேண்டியது இத்தீர்ப்பின் நகல்.

ஆனால் சாவுக்கான வழி, கழிப்பறை கட்டும் நாளிலேயே திறக்கப்படுகிறது. ஒப்பந்ததாரர்கள் பலர் ஒரே பெரிய குழியைத் தோண்டி, மேலே சிலாப் போட்டு மூடிவிடுகின்றனர். அதற்குள் தடுப்புச் சுவர் இல்லை. கழிவுநீரை உறிஞ்சும் குழி இல்லை. காற்றுப் போக்கி இல்லை. குழாய் விட்டு உறிஞ்சுவதற்கான வாய்கூட இல்லை. சந்து குறுகலாயிருந்தால் கழிவுநீர் லாரி உள்ளே வராது. நிரம்பும் நாளில் சிலாப்பை உடைத்து ஒரு மனிதரை இறக்குவதே வழியாகிறது.

சமவெளி ஊர்களில், நிலத்தடி நீர் மிக மேலே இல்லாத இடங்களில், இரட்டைக் குழிக் கழிப்பறை இதற்குத் தக்க மாற்று. ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டமுள்ள இரு குழிகள் போதும். செங்கற்களுக்கிடையே துளைகள் விட்டுச் சுவர் எழுப்புவதால் நீர் மண்ணுக்குள் கசியும். ஒரு குழி நிறைந்ததும் இணைப்புத் தொட்டியில் வழியை மாற்றினால் மறு குழி பயன்படத் தொடங்கும். நிறைந்த குழி ஒன்றரை, இரண்டு ஆண்டு மூடிக் கிடந்தால் உள்ளிருப்பது நாற்றமற்ற எருவாகிவிடும். குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது பத்து மீட்டர் தள்ளி அமைக்க வேண்டும். கழிப்பறைக்கு ஒப்பந்தம் பேசும் எவரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே: இது நிறைந்தால் யார், எப்படி எடுப்பார்? மனிதர் இறங்க வேண்டும் என்பது விடையானால் அந்த வரைபடத்தை ஏற்கக் கூடாது. ஏற்கெனவே கட்டிய தொட்டிகளுக்கு லாரியை மட்டுமே அழைக்க வேண்டும். அடியில் தங்கிய சேற்றுக்காக ஆளை இறக்குகிறோம் என்று லாரிக்காரர் சொன்னால், அப்போதே வேலையை நிறுத்த வேண்டும்.

நில வேலை

கிணறு வெட்டவும் மேட்டைச் சமன்படுத்தவும் வண்டி அழைப்பதற்கு முன், நிலத்தின் ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும். பட்டா, அ-பதிவேடு, புலப்பட நகல் மூன்றையும் பெற்று, நில அளவையர் கல் ஊன்றிய பின்பே வரப்பில் மண்வெட்டி படலாம். பொக்லைன் வண்டி ஒரு மணி நேரத்தில் வரப்பையும் எல்லைக் கல்லையும் அழித்துவிடும். பிறகு எல்லையை நிறுவப் பல ஆண்டு நீதிமன்றம் செல்ல நேரும். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் இது இன்னும் முக்கியம். அந்நிலங்களைப் பிறர் சமன்படுத்தி, வேலியிட்டு, மின் இணைப்பும் பெற்றுவிட்டால், அனுபவம் தமதென்று வாதிடுவது அவர்களுக்கு எளிதாகிறது. இத்தகைய பணி தொடங்கும் நாளிலேயே வட்டாட்சியருக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்து ஒப்புகை பெற வேண்டும்.

ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்கு 15 நாள் முன்னதாக உரிய அலுவலர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், தோண்டும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்றும், கைவிட்ட துளையை மூட வேண்டும் என்றும் 2010இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. இதில் நில உரிமையாளருக்கும் பொறுப்பு உண்டு. திருச்செங்கோடு போன்ற இடங்களிலிருந்து வரும் போர் வண்டிகளில் பணிபுரிவோர் பலர் வட மாநிலத் தொழிலாளர்கள். முன்பணத்துக்காக வெளியேற முடியாமல் எவரேனும் வேலை செய்தால், அது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976இன்கீழ் வரும். வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு அளித்து விடுதலைச் சான்றிதழ் பெறலாம். நம் நிலத்தில் நடக்கும் வேலையில் இது நிகழ்ந்தால் கண்டும் காணாதிருப்பது நமக்கு அழகன்று.

தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், 2005 ஒப்பந்ததாரரை அறவே தடை செய்தது என்பதையும், பட்டியல் சாதிக் குடும்பங்களின் சொந்த நிலத்தில் கிணறு, பண்ணைக்குட்டை, நிலச் சீரமைப்பு ஆகியவற்றை அனுமதித்தது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். தலித்துகளின் உழைப்பு தலித்துகளின் நிலத்திலேயே ஊதியத்துடன் செலவிடப்பட அது வழி செய்தது.

பங்கு கேட்கும் வழிகள்

2002 ஜனவரியில் போபாலில் கூடிய தலித் அறிஞர்கள் மாநாடு, அரசுக் கொள்முதலில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் பங்கு வேண்டும் என்பதை நாடு தழுவிய கோரிக்கையாக்கியது. நடுவண் அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கையின்படி, அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும். இது பொருள், சேவை ஆகியவற்றுக்கானது. ஊராட்சிச் சாலைக்குப் பயன்படாது. கர்நாடகம் ஒரு படி மேலே சென்றது. ரூ.50 லட்சம் வரையிலான கட்டுமானப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடும் சட்டத்தின் மூலமே ஒதுக்கியது; பின்னர் அந்த வரம்பு ரூ.1 கோடியாக உயர்ந்தது. இத்தகைய சட்டத்தைத் தமிழ்நாட்டிலும் கேட்க நமக்கு எல்லாக் காரணமும் உண்டு. ஊரகப் பணிகளில் பெரும்பகுதி இந்த வரம்புக்குள் அடங்கும் சிறு பணிகளே.

சட்டம் வந்தாலும் பினாமி நுழைவான். பெயர் சேரியில் இருக்கும். இயந்திரமும் வருவாயும் ஊரில் இருக்கும். இதைத் தடுக்கச் சொத்து மதிப்புச் சான்றிதழுக்கு மாற்றாக அனுபவத்தையும் தொழிற்கல்வியையும் கணக்கில் கொள்வது, முன்வைப்புத் தொகையில் விலக்களிப்பது, பட்டியல் தொகையைக் காலவரையறைக்குள் தருவது ஆகியவை உடன்வர வேண்டும். 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. இயந்திரம் வாங்க மானியம் உண்டு. வாங்கிய இயந்திரத்துக்கு வேலை கிடைக்கும் என்ற உறுதி வேண்டுமே!

2019இல் தில்லியில் சாக்கடை தூய்மை செய்யும் 200 இயந்திரங்கள், தூய்மைப் பணியில் இருந்தோருக்கும் மாண்டோர் குடும்பத்தினருக்கும் ஒப்பந்தத்துடன் வழங்கப்பட்டன. சென்னையிலும் 2024இல் கழிவுநீர் வாகனங்களைத் தூய்மைப் பணியாளர்களே உடைமையாளராக இயக்கும் திட்டம் தொடங்கியது. மனிதர் இறங்குவதை இயந்திரத்தால் மாற்றுவதும், கூலியாளை உடைமையாளராக்குவதும் வரவேற்கத்தக்கவை. ஆனால் தலித்துக்கு உறுதியான ஒப்பந்தம் கழிவுநீரில் மட்டுமே கிடைக்கும் எனில், சாதி அவருக்கு ஒதுக்கிய தொழிலையே இயந்திரத்தோடு திருப்பித் தருவதாகிவிடும். சாலையும் பாலமும் குடிநீர்த் தொட்டியும் பள்ளிக் கட்டடமும் நம் கோரிக்கையில் முன்னே நிற்க வேண்டும்.

களத்தில் செய்யத்தக்கவை

முதலாவது, கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூட வேண்டும். கடந்த ஆண்டின் பணிகள், ஒவ்வொன்றின் ஒப்பந்ததாரர், செலுத்திய தொகை ஆகியவற்றை வாசிக்கக் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யலாம்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், பணி உத்தரவு, எம்-புக் என்று அலுவலகத்தில் சொல்லப்படும் அளவுப் புத்தகம் ஆகிய நான்கின் நகலையும் கேட்க வேண்டும். 30 நாளில் விடை வர வேண்டும். பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் அச்சட்டத்தின் பிரிவு 2 உரிமை தருகிறது. சேரிச் சாலையில் போட்ட கான்கிரீட்டின் கனத்தை அளவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு நாள் வேலை.

மூன்றாவது, கூலிப் பதிவு. தொழிலாளர்கள் தம் நாள், வேலை, தந்த கூலி, மேஸ்திரி பெயர் ஆகியவற்றைச் சிறு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். குறை ஊதியக் கோரிக்கைக்குத் தொழிலாளர் துறையில் முதலில் கேட்பது இதுவே.

நான்காவது, முறையீடு. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்கீழும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழுக்கள் உள்ளன. மாநில, தேசிய ஆணையங்களுக்கு எழுதும் மனுவின் நகலை இக்குழுக்களுக்கும் அனுப்பலாம்.

கல்லூரி மாணவர்களிடம் நாம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். விடுமுறையில் ஊர் திரும்பும்போது உங்கள் ஊராட்சியில் நிற்கும் பணிப் பலகைகளை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர், அவ்வேலையில் உழைத்தவர்கள் எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள், சாலை எந்தத் தெருவரை வந்து நின்றது என்று குறியுங்கள். பத்துப் பலகைகள் போதும். அந்தப் பட்டியலை அடுத்த கிராம சபையில் எழுந்து வாசியுங்கள்.